சிவாலிக் அடிவாரத்தில் மண் காப்பு: சுகோமாஜ்ரி கிராமத்தின் அனுபவம்

பெருமழை பெய்து ஓய்ந்தபின் ஓடைகளில் செந்நிறமாகக் கலங்கி ஓடும் நீரைக் காணாதவர் நம்மில் எவருமிலர். புதுவெள்ளம் வந்தது என்று அதனை மகிழ்ச்சியோடு வரவேற்பதும் நமது வழக்கமே. ஆயினும் அந்நீருக்கு அந்த நிறத்தைத் தருவது மேட்டு நிலத்தின் மேல்மண் என்பதையும், ஒருமுறை கடலையோ ஏரியின் அடித்தளத்தையோ சென்றடைந்த மண் தானாக மேட்டுக்குத் திரும்புவதில்லை என்பதையும் நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. பாறை சிதைந்து, தழையும் வேரும் மக்கி, பயிர் விளையத்தக்க மண் இரண்டு மூன்று சென்டிமீட்டர் கனத்திற்கு உருவாக நூற்றாண்டுகள் செல்கின்றன. அதனை அடித்துச் செல்ல ஒரு மழைப் பருவம் போதும்.

இந்திய நிலப்பரப்பிலிருந்து ஆண்டுதோறும் சுமார் 533 கோடி டன் மண் பெயர்க்கப்படுகிறது என்று 1983ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கணக்கிட்டது. சராசரியாக ஹெக்டேர் ஒன்றுக்கு இது 16 டன்னுக்குச் சற்று அதிகமாகும். இவ்வாறு பெயரும் மண்ணில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கடலைச் சேர்கிறது. பத்தில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களில் படிந்து அவற்றின் கொள்ளளவைக் குறைக்கிறது. எஞ்சியது ஓரிடம் விட்டு மற்றோரிடம் பெயர்ந்து கிடக்கிறது. 16 டன் மண்ணை ஒரு ஹெக்டேர் முழுவதும் பரப்பினால் அதன் கனம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடும். கண்ணுக்குப் புலப்படாத இந்த அளவே இவ்விழப்பின் பெரும் அபாயம். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் குறைவதை எந்த உழவரும் காணமாட்டார். தம் மக்களின் காலத்தில் ஏர் முனையில் சரளைக் கல் தட்டுப்படும்போதுதான் செய்தி விளங்கும்.

நீர் மண்ணை அரிக்கும் முறை

அரிமானம் ஓடையில் தொடங்குகிறது என்று பலர் கருதுகின்றனர். உண்மையில் அது மழைத்துளி நிலத்தைத் தொடும் கணத்திலேயே தொடங்கிவிடுகிறது. பருத்த துளி விநாடிக்கு 8, 9 மீட்டர் வேகத்தில் விழுகிறது. வெற்றுநிலத்தின்மேல் அது மோதும்போது மண்கட்டி உடைந்து துகள்கள் தெறிக்கின்றன. நுண்துகள்கள் மண்ணின் கண்களை அடைத்துவிடுகின்றன. நிலம் நீரைக் குடிக்கும் ஆற்றலை இழக்கிறது. உட்புக இயலாத நீர் சரிவில் ஓடத் தொடங்குகிறது. முதலில் மெல்லிய படலமாக மண் கழிகிறது. பின்னர் விரல் கனத்தில் கீற்றுகள் தோன்றுகின்றன. அக்கீற்றுகள் ஒன்றுகூடி, ஆளை மறைக்கும் ஆழத்தில் வெடிப்புப் பள்ளங்கள் ஆகின்றன. ஓடும் நீரின் வேகம் இருமடங்கானால் அதன் அரிக்கும் வலிமை நான்கு மடங்காகும் என்றும், அது சுமந்து செல்லும் மண்ணின் அளவு முப்பது மடங்குக்கும் மேலாக உயரும் என்றும் பாடநூல்கள் கூறும். ஆகவே, மண் காப்பு முறைகள் யாவும் இரண்டே செயல்களில் அடங்கும்: துளியின் அடி மண்ணின்மீது படாமல் மறைத்தல், ஓடும் நீரின் வேகத்தைத் தணித்தல். முன்னதைப் புல்லும் தழையும் செய்யும். பின்னதற்கு மனித முயற்சி வேண்டும்.

சுக்னா ஏரியும் அதன் வண்டலும்

இமயத்தின் தென்புற எல்லையில் ஜம்மு முதல் கிழக்காக நீண்டு கிடக்கும் சிவாலிக் குன்றுகள் உயரத்தில் எளியவை. இயல்பில் மிக நொய்ந்தவை. மணற்கல், களிமண், உருண்டைக் கற்கள் ஆகியவை இறுகாமல் அடுக்கடுக்காகக் குவிந்த குன்றுகள் இவை. மேலே மரமும் புல்லும் உள்ளவரை நிலைத்து நிற்கும். அவை நீங்கினால் சர்க்கரைக் குவியல் போலக் கரையும். இக்குன்றுகளிலிருந்து மழைக்காலத்தில் மட்டும் சீறி வரும் காட்டாறுகளைப் பஞ்சாப் மக்கள் ‘சோ’ என்கின்றனர். ஹோஷியார்பூர்ப் பகுதியின் நல்ல விளைநிலங்களை இவை மணல்மேடாக்கியதால், 1900ஆம் ஆண்டிலேயே நிலப் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் ஒன்று பஞ்சாபில் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் குன்றுகள் மொட்டையாகிக்கொண்டே வந்தன.

சண்டிகர் நகரை லெ கொர்பூசியே வகுத்தபோது, அத்தகைய காட்டாறு ஒன்றன் குறுக்கே கரை எழுப்பி 1958இல் சுக்னா ஏரி அமைக்கப்பட்டது. அப்போது ஏரியின் பரப்பு சுமார் 3 சதுர கிலோமீட்டர். நீர் வரும் பகுதியின் பரப்போ ஏறத்தாழ 42 சதுர கிலோமீட்டர்; அதில் பெரும்பகுதி சிவாலிக் குன்றுகளே. ஏரி நிறைந்தது, ஆனால் நீரினும் விரைவாக மண் நிறைந்தது. எழுபதுகளின் நடுவில் ஏரியின் கொள்ளளவில் பாதிக்கு மேல் வண்டலால் தூர்ந்துபோயிற்று. வண்டலை வாரிக் கொட்டுவதற்கு ஆண்டுதோறும் பொருள் செலவாயிற்று. வாரிய இடத்தை அடுத்த மழை மீண்டும் நிரப்பியது.

அப்பொழுது மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனத்தின் சண்டிகர் நிலையத்திற்குத் தலைவராக இருந்தவர் திரு. பி. ஆர். மிஸ்ரா. (இந்நிலையத்தோடு உடன்பிறந்ததென்று சொல்லத்தக்க மற்றொரு நிலையம் நமது உதகமண்டலத்தில் உள்ளது. முதல் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் தோற்றுவிக்கப்பட்ட மண் காப்பு நிலையங்களுள் இவ்விரண்டும் அடங்கும்.) நோய்க்கு ஏரியில் மருந்து தேடாமல் நீர் வந்த வழியே மேல்நோக்கிச் சென்று பார்ப்பது என்று நிலையத்தார் முடிவு செய்தனர். வண்டலின் பெரும்பகுதி நீர்ப்பிடிப்புப் பரப்பு முழுவதிலிருந்தும் வரவில்லை. அதன் ஒரு சிறு பகுதியிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது. புல்லும் அற்று வெடிப்புப் பள்ளங்களால் கிழிந்து கிடந்த அக்குன்றுகளின் அடியில் இருந்த சிற்றூர்களுள் ஒன்றுதான் சுகோமாஜ்ரி.

அவ்வூரில் அந்நாளில் அறுபதுக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் இருந்தன. ஊர் முழுமைக்கும் விளைநிலம் ஏறக்குறைய 50 ஹெக்டேர். ஆண்டு மழை 1,100 மில்லிமீட்டர் அளவுக்குப் பெய்தும், அதில் பெரும்பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்ந்துவிடும். கோதுமை கதிர்விடும் காலத்தில் வானம் வறண்டிருக்கும். விளைச்சலை நம்பி வாழ இயலாத மக்கள் ஆடுமாடுகளை நம்பினர். முதலீடின்றி வளர்வதும், எத்தகைய முள்ளையும் தின்பதும், அவசரத்திற்கு விற்கக்கூடியதும் வெள்ளாடே ஆகும். குன்று அரசின் வனத்துறைக்கு உரியது. ஆட்டுக்கோ எல்லை தெரியாது.

இவ்விடத்தில் வெள்ளாட்டின் சார்பில் ஒரு வார்த்தை கூறுதல் வேண்டும். மண் அரிமானத்தைப் பற்றி எழுதுவோர் அதனைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஒரு மரபாகிவிட்டது. நமது நாட்டுப்புறங்களில் அறுவடையான வயலில் ஆட்டுக்கிடை போடச் செய்து அதற்குக் கூலியும் தருகிறார்கள். ஒரே கால்நடை ஓரிடத்தில் உரமாகிறது, வேறோரிடத்தில் அழிவாகிறது. மேய்ச்சலின் இடமும் காலமும் அளவுமே பொருட்டானவை.

அணை கட்டியதும் அதன் பின்னும்

நிலையத்தார் முதலில் பொறியியல் முறைகளையே கையாண்டனர். சரிவில் அகழிகள் வெட்டினர். பள்ளங்களில் தடுப்புகள் அமைத்தனர். மரக்கன்றுகளும் புல்லும் நட்டனர். ஆனால் ஊராரின் ஆடுகள் அதே குன்றில் மேய்ந்துகொண்டிருந்தவரை கன்று எவ்வாறு பிழைக்கும்? காவலர் எத்தனை பேரை நிறுத்துவது?

1976இல் ஊருக்கு அருகே ஒரு பள்ளத்தின் குறுக்கே முதல் மண்ணணை கட்டப்பட்டது. பள்ளம் மேலும் அரிந்துபோகாமல் தடுப்பதும் வண்டலை மேலேயே நிறுத்துவதுமே அதன் நோக்கம். அணைக்குப் பின்னால் தேங்கிய நீர் வாடும் கோதுமைக்குப் பாய்ந்தபோதுதான் அதன் உண்மையான பயன் ஊராருக்கும் நிலையத்தாருக்கும் ஒருங்கே விளங்கிற்று. குன்றிலிருந்து மண் இறங்கினால் இந்த நீர்த்தேக்கம் தூர்ந்துபோகும். தேக்கம் தூர்ந்தால் கோதுமை போகும். நாற்பது கிலோமீட்டருக்குள் எங்கோ இருக்கும் நகரத்து ஏரிக்காகத் தம் ஆட்டைக் கட்டிவைக்க எவரும் இசையார். தமது வயலுக்கு வரும் நீருக்காகவோ இசைவர்.

எனினும் இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. வாய்க்காலுக்கு அருகில் நிலம் உடையவர்க்கு நீர் கிடைத்தது. தொலைவில் இருந்தோருக்குக் கிடைக்கவில்லை. நிலமே இல்லாதவர்க்கு அதனால் யாதொரு பயனும் இல்லை. பயன் பெறாதவர் ஆடுகளை முன்போலவே குன்றில் ஓட்டினர். அவர்களைக் குறைகூறுவதற்கு நியாயமும் இல்லை. ஊராரும் நிலையத்தாரும் கூடிப் பேசி, நீண்ட வாக்குவாதத்திற்குப் பின் ஒரு முடிவுக்கு வந்தனர்: தேக்கத்தின் நீர் நிலத்திற்கு உரியதன்று, குடும்பத்திற்கு உரியது, நிலம் பெரிதாயினும் சிறிதாயினும், நிலமே இல்லாவிடினும், ஒவ்வொரு குடும்பத்திற்கும் சமமான பங்கு உண்டு, பயன்படுத்தாதவர் தம் பங்கைப் பிறருக்கு விலைக்கு விடலாம், அல்லது அந்நீரைக் கொண்டு பிறர் நிலத்தில் வாரத்திற்குப் பயிரிடலாம். இதற்கு ஈடாக எவரும் குன்றில் கால்நடையை மேயவிடுதல் கூடாது.

என் மதிப்பில், சுகோமாஜ்ரியில் நடந்த அனைத்திலும் இதுவே தலையாயது. அணை கட்டும் வித்தை அதற்கு முன்பும் நாடெங்கும் தெரிந்ததே. நீர் உரிமையை நில உரிமையிலிருந்து பிரித்த ஏற்பாடு அரிது. இதனைத் திட்ட அறிக்கைகள் ஆங்கிலத்தில் குறிக்கும் தொடரைத் தமிழில் ‘சமூக வேலி’ என்று சொல்லலாம். சொல்லுக்குச் சொல் சரியாயினும், கேட்போர் முள்வேலியை நினைத்துக்கொள்ளக்கூடும். இங்கே முள்ளும் இல்லை, கம்பியும் இல்லை. அயலாரின் கண்ணே வேலி. ஊர்க்கட்டுப்பாடு என்ற நமது பழைய சொல் இதற்கு இன்னும் நெருக்கமானதெனத் தோன்றுகிறது. ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் அனுப்பிய குடிமராமத்து முறையை அறிந்த தமிழர்க்கு இதன் தன்மையை விரித்துரைக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நமது ஏரிப் பாசனத்தில் நிலமற்றவர்க்குப் பங்கு இருந்ததில்லை.

1985ஆம் ஆண்டுக்குள் மொத்தம் நான்கு மண்ணணைகள் அமைந்தன. குன்றில் மேய்ச்சல் நின்றதும் புல் தானாகவே தழைத்தது. அதில் பாபர் என்னும் புல் முக்கியமானது. கயிறு திரிக்கவும் காகிதக் கூழ் செய்யவும் அது பயன்படும். வனத்துறை அதுவரை இப்புல்லை ஒப்பந்தக்காரர்களுக்கு ஏலம் விட்டு வந்தது. தம் குன்றின் புல்லையே ஊரார் ஒப்பந்தக்காரரிடம் விலை கொடுத்துப் பெறும் நிலை இருந்தது. பின்னர் அந்தக் குத்தகை ஊர்ச் சங்கத்திற்கே வழங்கப்பட்டது. புல்லறுக்கும் உரிமை கைக்கு வந்தபின், காட்டில் தீப்பிடித்தால் அணைக்க ஓடுவோர் ஊராரே ஆயினர். வெள்ளாடுகள் குறைந்து, கொட்டிலில் கட்டித் தீனி போடும் எருமைகள் பெருகின. பால் விற்பனை வருவாயாயிற்று. குன்றில் 1976இல் ஹெக்டேருக்கு 13 மரங்களே இருந்தன; 1992இல் 1,200க்கும் மேல் எண்ணப்பட்டன. சுக்னா ஏரிக்குச் செல்லும் வண்டல் பத்தில் ஒன்பது பங்கு குறைந்ததாகக் கணக்கிடப்பட்டது. இத்தகைய அனுபவங்களே, காட்டுப் பாதுகாப்பில் கிராம மக்களுக்கும் பங்கு அளிக்குமாறு மத்திய அரசு 1990ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி மாநிலங்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கைக்கு வழிகோலியவை.

செய்முறைக் குறிப்புகள்

மேட்டு நிலம் உடைய எந்த ஊரிலும் மேற்கொள்ளத்தக்க சில முறைகளை இனிக் காண்போம்.

முதலில் நீரின் கணக்கு. ஒரு ஹெக்டேர் நிலத்தில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். ஆண்டு மழை 1,100 மில்லிமீட்டராயின் 11,000 கன மீட்டர். உதாரணத்திற்கு இதில் ஐந்தில் ஒரு பங்கு வழிந்தோடுவதாகக் கொண்டால் 2,200 கன மீட்டர் தேக்கத்தை அடையும். ஆவியாதல், கசிதல் ஆகியவற்றில் பாதி கழிந்தாலும் 1,100 மிஞ்சும். ஒரு ஹெக்டேர் பயிருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் ஒருமுறை நீர் பாய்ச்ச 500 கன மீட்டர் வேண்டும். எனவே ஒரு ஹெக்டேர் குன்று ஒரு ஹெக்டேர் வயலுக்கு இருமுறை நீர் தரும். வறண்ட காலத்தில் அந்த இருமுறையே விளைச்சலுக்கும் சாவிக்கும் இடைப்பட்ட வேறுபாடு. தத்தம் ஊரின் மழையளவையும் மண்ணின் இயல்பையும் கொண்டு வாசகர்கள் இக்கணக்கைத் தாமே செய்து பார்க்கலாம்.

அகழிகள் சம உயரக் கோட்டில் அமையவேண்டும். அக்கோட்டைக் காண விலையுயர்ந்த கருவி தேவையில்லை. நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயின் இரு முனைகளையும் இரு கழிகளில் கட்டிக்கொண்டு, இரு முனைகளிலும் நீர் கழியின் ஒரே குறியில் நிற்கும் இடங்களைத் தேடி முளையடித்துச் செல்லலாம். கொத்தனார் மட்டம் பார்க்கும் முறையே இது. சுமார் அரை மீட்டர் அகலமும் ஆழமும் கொண்ட குழிகளைத் தொடர்ச்சியாக வெட்டாமல், ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேரே அடுத்த வரிசையின் குழி வருமாறு மாற்றி மாற்றி வெட்டுதல் நலம். தொடர்ந்த அகழி ஓரிடத்தில் உடைந்தால் முழு நீரும் அவ்வழியே பாய்ந்து புதுப் பள்ளத்தை உண்டாக்கிவிடும். தோண்டிய மண்ணைக் கீழ்ப்புறம் குவித்து அதன்மேல் புல்விதை தூவவேண்டும்.

சிறு பள்ளங்களில் கல்லாலோ, இரு வரிசை முளைகளுக்கிடையே திணித்த தழைக் கட்டுகளாலோ தடுப்பு அமைக்கலாம். இதில் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. தடுப்பின் நடுவைத் தாழ்த்தாமல் ஒரே உயரமாகக் கட்டிவிடுகிறார்கள். அப்போது நீர் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு கரையை அரித்துச் செல்லும். தடுப்பு தனியே நிற்கும். நடுப்பகுதி தாழ்ந்திருந்தால் நீர் நடுவே வழியும். விழும் இடத்தில் கல் பரப்பிவிட வேண்டும். தடுப்புகளின் இடைவெளிக்கு எளிய விதி: மேல் தடுப்பின் அடியும் கீழ்த் தடுப்பின் முடியும் ஒரே மட்டத்தில் இருத்தல் வேண்டும்.

மண்ணணையைப் பொறுத்தவரை, நமது ஏரிக்கரையை அறிந்தவர்க்குப் புதிதாகக் கூறுவதற்குச் சிலவே உள. அடித்தளத்து மேல்மண்ணையும் வேர்களையும் நீக்காமல் கரை எழுப்பலாகாது. நடுவில் களிமண்ணாலான உட்சுவர் கெட்டியான தரை வரை இறங்கியிருக்கவேண்டும். மண்ணை ஒரு சாண் கனத்திற்கு மிகாத அடுக்குகளாகக் கொட்டி, ஈரப்படுத்தி, இடித்து இறுக்கவேண்டும். கலிங்கு கரையின்மீது அமையாமல், ஒரு பக்கத்தில் இயற்கையான கெட்டி நிலத்தில் அமையவேண்டும். கரை உடைவதற்குப் பெரும்பாலும் காரணம் நீரின் அழுத்தமன்று. போதிய கலிங்கு இல்லாமல் நீர் கரையின் மேலேறி வழிவதே. அணையைப் பொறியாளரின் மேற்பார்வையின்றி எழுப்பலாகாது என்பதைக் கூறத் தேவையில்லை.

பின்னாளில் கண்ட குறைகள்

சுகோமாஜ்ரியின் வரலாற்றைக் குறையற்ற வெற்றியாகக் கூறுவது வாசகர்களுக்கு நேர்மையாகாது. குன்று எவ்வளவுதான் தழைத்தாலும் வண்டல் முற்றிலும் நிற்பதில்லை. அணைகள் காலப்போக்கில் தூர்ந்து கொள்ளளவு குறைந்தன. அவற்றைத் தூர்வாரும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குத் தொடக்கத்திலேயே விடை வகுக்கப்படவில்லை. பாபர்ப் புல்லுக்குக் காகித ஆலைகளில் இருந்த கிராக்கி தளர்ந்தபோது சங்கத்தின் வருவாயும் தளர்ந்தது. அருகில் நகரங்கள் வளர்ந்து இளைஞர்கள் வேலைக்குச் சென்றபின், நீர்ப்பங்கைப் பற்றிய அக்கறை முன்போல் இல்லை. பொதுப்பணத்தில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் பராமரிப்புக்கென ஒதுக்கிவைப்பது இத்தகைய சங்கங்களின் விதிகளில் முதல் விதியாக இருத்தல் வேண்டும்.

சுக்னா ஏரியின் நிலையோ வேறொரு திருப்பத்தை அடைந்தது. ஒரு காலத்தில் மண்ணால் தூர்ந்த ஏரி, 2010க்குப் பிந்தைய ஆண்டுகள் சிலவற்றில் நீரின்றிச் சுருங்கியது. குன்றுகளில் காடு அடர்ந்ததும், நீர்ப்பிடிப்பில் கட்டப்பட்ட எண்ணற்ற தடுப்பணைகள் ஓட்டத்தை மேலேயே நிறுத்தியதும் காரணங்களுள் சிலவாகக் கூறப்பட்டன. மண்ணைத் தடுக்கும் அணை நீரையும் தடுக்கும் என்பது வெளிப்படையே. ஆயினும் எவ்வளவு தடுப்பது என்ற கணக்கு ஊர் நோக்கில் ஒன்றாகவும் ஏரி நோக்கில் வேறாகவும் இருக்கிறது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பஞ்சாப், ஹரியானா உயர் நீதிமன்றம் இந்த ஏரியைச் சட்டத்தின் முன் உயிருள்ள ஒருவராகக் கருதத்தக்கதென்று அறிவித்தது.

ஆகையால் புதிதாகத் தேக்கம் அமைக்கும் ஊரார் முதல் ஆண்டிலேயே செய்யத்தக்க ஒரு சிறு வேலையைக் குறிப்பிடலாம். தேக்கத்தின் ஆழமான இடத்தில், அளவுகள் பொறித்த கற்கம்பம் ஒன்றை ஊன்றிவிட வேண்டும். கோடையில் நீர் வற்றியதும் வண்டல் எந்தக் கோட்டைத் தொட்டிருக்கிறதென்று பார்த்து, ஊர்க் கணக்குப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதிவர வேண்டும். ஓராண்டில் கோடு திடீரென உயர்ந்திருந்தால், மேலே குன்றில் எங்கோ ஓரிடத்தில் புல் அழிந்திருக்கிறது. அவ்வாண்டு மழைக்கு முன் அங்கே சென்று பார்த்தல் வேண்டும். வெட்டியெடுக்கும் வண்டலை வண்டியில் ஏற்றி வயலில் பரப்பலாம். அது அந்தக் குன்றின் மேல்மண்ணே.